காவலாளியின் முகம்

தமிழில் எழுதப்பட்ட பழைய கொள்ளைக் காட்சிகளில் ஆகச் சிறந்தது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இருக்கிறது. நடக்கும் இடம் மதுரை. சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். மாட்டிக்கொண்டவன் கோவலன். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் களையைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூல் அறிந்தவனைப் போலப் பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் விரல் விட்டு எண்ணுகிறான். அரண்மனைப் பள்ளியறைக்குள் புகுந்து தூங்கும் இளவரசன் மார்பிலிருந்து ஆரத்தைக் கழற்றிய ஒரு கள்வனின் கதையையும் சொல்கிறான். தூதுவன் வேடம், பெண் வேடம், விளக்கின் நிழல், விழித்துக்கொண்ட இளவரசனோடு கைகலப்பு, தூணைக் காட்டி ஏமாற்றித் தப்புதல் என்று இன்றைய திரைக்கதை ஆசிரியர் ஒருவர் கேட்டால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்வார்.

எனக்கு அந்தக் காட்சியில் பிடித்த ஆள் வேறொருவன். வேல் பிடித்த இளங்காவலன். பொற்கொல்லன் பேசி முடித்ததும் அவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழை கொட்டும் ஓர் இருட்டு இரவில், கையில் உளியோடு வந்த கள்வன் ஒருவனை அவன் எதிர்கொண்டிருக்கிறான். வாளை உருவியிருக்கிறான். அந்த வாளையே பறித்துக்கொண்டு கள்வன் மறைந்துவிட்டான். அந்த இரவின் நடுக்கம் அவன் பேச்சில் இன்னும் இருக்கிறது. அந்த நடுக்கத்தின் மேல்தான் கோவலனின் கொலை நடக்கிறது. குடிவெறியில் இருந்த இன்னொருவன் வாளை வீசிவிடுகிறான்.

யதார்த்தமான கொள்ளைப் படம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இந்தக் காதையில் விடை இருப்பதாக நினைக்கிறேன். எட்டுத் துணைகளைப் பற்றியே பேசும் படங்கள் நம்மிடம் நிறைய உண்டு. திட்டம், கருவி, நேரக் கணக்கு, மாறுவேடம் எல்லாம் அவற்றில் இருக்கும். அந்த இளங்காவலனின் முகமும், அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டவனின் முகமும், காரியம் முடிந்த பிறகு திருடியவனின் முகமும் உள்ள படங்கள் குறைவு. களவுக்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுக்கிறார். அவரைக் காட்டும்போதுதான் படத்துக்கு உயிர் வருகிறது. அதைக் காட்ட நல்ல நடிகர் வேண்டும். கொள்ளைப் படத்தில் யதார்த்தமும் நடிப்பும் ஒன்றாகவே வருவதற்கு இதுதான் காரணம்.

நம் ராஜபாளையம் பக்கத்தில் கள்வனை வெறுக்க மக்களுக்கு அவ்வளவு எளிதில் மனம் வராது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த ஊர். ஆழ்வார் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் திருமங்கையாழ்வாரைத் தெரியாமல் இருக்காது. அடியார்களுக்கு அன்னமிட வழிப்பறி செய்தவர், கடைசியில் பெருமாளையே மறித்தவர். திருவரங்கத்தில் வேடுபறி உற்சவமாக அது இன்றும் நடக்கிறது. கொள்ளைக்குப் பின்னால் ஒரு நல்ல நோக்கம் இருந்துவிட்டால் கொள்ளையனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்ற உணர்வு இந்த மண்ணில் ஆழமாக ஊறியது. சினிமா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆரை ஏழைகளுக்குக் கொடுக்கும் கள்வனாக நிறுத்தியது. சரியாக நாற்பது ஆண்டுகளுக்கு ஓராண்டு குறைவாக, 1993இல், ஷங்கரின் 'ஜென்டில்மேன்' அப்பளம் விற்பவனை இரவில் கொள்ளையனாக்கி, அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்ட வைத்தது. இரண்டும் விரும்பிப் பார்க்க வைத்த படங்கள். ஆனால் நோக்கம் பெரிதாக ஆக, களவு என்ற வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கள்வனுக்குப் பயம் இருப்பதில்லை. காவலாளிக்குப் பெயர் இருப்பதில்லை.

ஒரே சம்பவத்தை இரண்டு படங்கள் கையாண்ட விதத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1987 மார்ச் 19 அன்று மும்பை ஓபரா ஹவுஸ் பகுதியில் இருந்த திரிபோவன்தாஸ் பீம்ஜி ஜவேரி நகைக்கடைக்குள் சி.பி.ஐ. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நுழைந்தான். அவனோடு வந்த இளைஞர்கள் கூட்டாளிகள் அல்ல. உளவுத் துறையில் வேலை என்ற பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, நட்சத்திர ஓட்டலில் நேர்காணலுக்கு வந்தவர்கள். பயிற்சிச் சோதனை என்று நம்பி வந்து கடைக்குள் நின்றார்கள். தலைவன் நகைகளோடு போய்விட்டான். அவன் பிடிபடவே இல்லை. நீரஜ் பாண்டேயின் 'ஸ்பெஷல் 26' இந்தச் சம்பவத்தின் மேல் எழுந்தது; வேலைக்காக வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பரபரப்பும் பணிவும் அதில் பதிவாகியிருக்கின்றன. 2018இல் விக்னேஷ் சிவன் அதைத் தமிழில் 'தானா சேர்ந்த கூட்டம்' ஆக்கியபோது, வேலை கிடைக்காத தலைமுறையின் கோபமாக மாற்றினார். கோபம் நியாயமானது; சூர்யா அதை மனதாரச் செய்திருக்கிறார். ஆனால் நாயகன் நல்லவனாக ஆனதுமே, உண்மைச் சம்பவத்தில் நெஞ்சைப் பிசையும் இடம் கைநழுவிப் போகிறது. தலைவர் திரும்பி வருவார் என்று நம்பிக் கடைக்குள் காத்திருந்த அந்த இளைஞர்கள், தாங்கள் திருட்டுக்கு உதவியிருக்கிறோம் என்று உணர்ந்த நொடி அது.

நோக்கம் என்ற போர்வையைக் கழற்றிப் போட்டதற்காக 'மங்காத்தா'வை (2011) நான் மதிக்கிறேன். நரைத்த தலையோடு வந்த அஜித், சூதாட்டப் பணம் 500 கோடியும் தனக்கு மட்டுமே வேண்டும் என்று நிற்கிறார். தங்கைக்கோ ஊருக்கோ நாட்டுக்கோ அல்ல. ஒரு பெரிய நட்சத்திரம் அப்படி வந்து நின்றது அன்றைக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் படம் சீட்டாட்டத்தின் துள்ளலில்தான் ஓடுகிறது. மணிரத்னத்தின் 'திருடா திருடா' (1993), 'நாணயம்' (2010), 'துணிவு' (2023) என்று இந்த விளையாட்டு வழி தனியாக ஒன்று உண்டு. அவற்றின் சுவை வேறு. இந்தக் கட்டுரைக்கு அவை அதிகம் தேவைப்படவில்லை.

கைகளைப் பற்றிப் பேச வேண்டும். ராஜபாளையம் நூற்பாலை ஊர். சுழலும் கதிர்களுக்கு நடுவே அறுந்த இழையைக் கண் சிமிட்டும் நேரத்தில் ஒட்டிவிடும் விரல்களை மூன்று ஷிப்டிலும் இங்கே பார்க்கலாம். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிகள். இப்படிப்பட்ட ஊரில், இரண்டாம் ஆட்டம் விட்டு வெளியே வரும் கூட்டத்தோடு நடந்தால் ஒரு விமர்சனம் அடிக்கடி காதில் விழும்: அவனுக்கு அந்த வேலை தெரியவில்லை. லாரி ஓட்டுநராக வரும் நடிகர் கியர் போடும் விதத்தையும், தறி முன்னால் நிற்கும் கதாநாயகி நாடாவைப் பிடிக்கும் விதத்தையும் இவர்கள் கவனிக்கிறார்கள். கொள்ளைப் படத்தின் முதல் சோதனை இதுவேதான். திருட்டும் ஒரு கைவேலை. அந்தக் கைக்குப் பழக்கம் இருக்க வேண்டும், வியர்வை இருக்க வேண்டும், தவறவும் வேண்டும்.

உலக சினிமா இதைக் கற்றுக்கொண்ட இடம் ஜூல்ஸ் தாசனின் 'ரிஃபிஃபி' (1955). ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலையிழந்து பிரான்ஸுக்கு வந்த இயக்குநர் அவர். நகைக்கடையின் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் காட்சி ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுகிறது. வசனம் இல்லை, இசையும் இல்லை. குடை, கயிறு, தூசு, மூச்சு மட்டும். நான்கு ஆண்டுகள் கழித்து ராபர்ட் பிரெஸ்ஸான் 'பிக்பாக்கெட்' எடுத்தபோது கசாகி என்ற உண்மையான கைத்திறன்காரரை அழைத்துவந்து, நடிக்கவும் வைத்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் வைத்தார். விரல்கள் கோட்டுப் பைக்குள் போய்வரும் காட்சிகளைப் பார்த்தால் நம் ஊர் ஆலைத் தொழிலாளி ஒருவர் கட்டாயம் தலையசைப்பார்.

தமிழில் திட்டம் தீட்டும் பகுதியில் இந்த நேர்மையைக் கொஞ்சம் தொட்ட படம் 'ராஜதந்திரம்' (2015). ஏ.ஜி. அமித் இயக்கியது. சின்னச் சின்ன ஏமாற்று வேலைகளில் காலம் தள்ளும் மூன்று நண்பர்கள் பெரிய நகைக்கடை ஒன்றைக் குறிவைக்கிறார்கள். தங்கள் தகுதிக்கு மீறிய வேலை என்பது அவர்களுக்கே தெரியும். வீரா தன் பாத்திரத்தைப் பெரிய புத்திசாலியாகக் காட்டிக்கொள்ளாமல், அடுத்த வாடகைக்கு வழி தேடுபவனின் கணக்குப் புத்தியோடு நடித்தார். அது போதிய அளவு பேசப்படாமலே போனது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த நேர்மையின் உச்சம் இரண்டாண்டு கழித்து வந்தது. 2017இல் ஸ்ரீ கணேஷ் இயக்கிய '8 தோட்டாக்கள்'. பேருந்தில் ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி பறிபோகிறது. அதில் எட்டுத் தோட்டாக்கள். கதைக்கரு குரோசவாவின் 'ஸ்ட்ரே டாக்' (1949) படத்தை நினைவூட்டும். துப்பாக்கி கைமாறி ஒரு வங்கிக் கொள்ளைக்கு வந்து சேர்கிறது. கொள்ளையரில் ஒருவர் வயதானவர், கிருஷ்ணமூர்த்தி. அவராக நடித்தவர் எம்.எஸ். பாஸ்கர்.

இந்த நடிகரை நமக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' பட்டாபியாக வீட்டுக் கூடத்தில் சிரிக்கவைத்தவர். டப்பிங் கலைஞராக எத்தனையோ முகங்களுக்குக் குரல் கொடுத்தவர். 'பார்க்கிங்' படத்துக்காக அவருக்கு தேசிய விருது பிற்பாடு வந்தது. ஆனால் என் மனதில் அவர் முழுசாகத் தெரிந்த இடம் கிருஷ்ணமூர்த்திதான். எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் போலீஸ்காரரிடம் தன் வாழ்க்கையைச் சொல்லும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. வாழ்நாளெல்லாம் நேர்மையாக இருந்து என்ன மிஞ்சியது என்பதைச் சொல்கிறார். இன்னொரு நடிகராக இருந்தால் அந்த இடத்தில் குரலை உயர்த்தியிருப்பார், கண்ணீர் வந்திருக்கும், வயலின் வந்திருக்கும். பாஸ்கர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். மாதக் கடைசியில் கடைக்காரரிடம் பாக்கிக் கணக்குச் சொல்பவரைப் போலச் சொல்லிக்கொண்டே போகிறார். நாம் அவர்மேல் இரக்கப்படுகிறோம். அதே நேரம், அந்தக் கொள்ளையால் போன உயிரையும் படம் மறக்கவிடவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடினம். 'ஜென்டில்மேன்' நமக்குக் கொடுத்த நிம்மதியை இந்தப் படம் கொடுப்பதில்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்திருப்பதை ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிருஷ்ணமூர்த்தி நினைவுக்கு வருகிறார். இப்படி ஒரு சாதாரண முகத்துக்குள் ஒரு கொள்ளை உருவாக முடியும் என்று ஒரு நடிகர் நம்மை நம்பவைத்திருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய திட்டம் எந்தத் திரைக்கதையிலும் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் நித்திலன் சாமிநாதனின் 'குரங்கு பொம்மை' வந்தது. சிலைக் கடத்தல் கதை. கோடிக்கணக்கில் விலைபோகும் சாமி சிலை, குரங்குப் படம் போட்ட ஒரு சாதாரணப் பையில் பயணம் போகிறது. பையைத் தூக்கிப்போகும் பெரியவராக பாரதிராஜா. '16 வயதினிலே' தொடங்கி எத்தனையோ பேருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர், இதில் ஒரு விசுவாசமான, வெகுளியான தகப்பனாக, முதலாளி சொன்னதைச் செய்பவராக வாழ்ந்திருக்கிறார். அவரை ஏமாற்றுபவராகக் குமரவேல். வில்லத்தனத்துக்குரிய எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. ஆசையும் அச்சமும் மாறி மாறி ஓடும் ஒரு நடுத்தர மனிதன், அவ்வளவுதான். கோயில் சிலையைத் திருடுவது நம் மாவட்டங்களுக்குக் கதை அல்ல. நெல்லை மாவட்டம் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் காணாமல் போன நடராசர் ஆஸ்திரேலியாவில் ஒரு காட்சிக்கூடத்தில் இருந்து 2019இல்தான் ஊர் திரும்பினார். முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு தலைமுறை அந்த வெற்றிடத்தை வணங்கியிருக்கிறது. அந்தப் பையைப் படத்தில் பார்க்கும்போது உள்ளே இருப்பதன் கனம் நமக்குத் தெரியும்.

இனி, கோவலனின் பக்கம். களவே திரையில் நடக்காத ஒரு களவுப் படம் தமிழில் உண்டு: வெற்றிமாறனின் 'விசாரணை'. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' அதன் மூலம். குண்டூரில் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள், செய்யாத கொள்ளையை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுகிறார்கள். பணக்கார வீட்டுக் கொள்ளை ஒன்றின் கணக்கை எப்படியாவது முடிக்க வேண்டும். முதுகில் விழும் அடிக்குத் தினேஷ் நடித்த விதத்தில் அலறலைவிட, அடுத்த அடிக்கு முன்னால் உடல் இறுகும் இறுக்கம்தான் நம்மைக் கொல்கிறது. 'ஜெய் பீம்' (2021) ராஜாக்கண்ணுவுக்கும் நகைத் திருட்டுப் பழிதான் எமனாக வந்தது. அது 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் நடந்த உண்மை.

இந்த இடத்தில் 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஹெச். வினோத் உழைப்பாளி. நெடுஞ்சாலை ஓரத் தனி வீடுகளில் நடக்கும் கொள்ளையின் கொடூரத்தை அவரைப் போல யாரும் எடுக்கவில்லை. துப்புத் துலக்கும் போலீசாரின் அலைச்சலும், கைரேகைக் கட்டுகளும், நிதி இல்லாத் திண்டாட்டமும் கண் முன்னால் நிற்கின்றன. ஆனால் ஒரு கும்பலின் குற்றத்தை ஒரு சமூகத்தின் இரத்தமாகக் காட்டும் இடத்தில் என்னால் அந்தப் படத்தோடு போக முடியவில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் எத்தனை கிராமங்களை இரவுதோறும் காவல் நிலையத்தில் கைரேகை வைக்கச் செய்தது என்பது மதுரை, விருதுநகர்ப் பக்கம் பாட்டன் வாய்வழி வந்த சேதி. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். யதார்த்தம் என்பது இரத்தத்தை அச்சு அசலாகக் காட்டுவதோடு முடிவதில்லை. யாரைக் கள்வன் என்கிறோம் என்பதிலும் அது இருக்கிறது. மலையாளத்தில் திலீஷ் போத்தன் 'தொண்டிமுதலும் திரிக்ஸாட்சியும்' (2017) படத்தில் உண்மையான போலீஸ்காரர்களையே போலீஸ்காரர்களாக நடிக்கவைத்து, பேருந்தில் பறித்த சங்கிலியை விழுங்கிவிட்ட ஒரு கள்வனாக ஃபகத் பாசிலை உட்காரவைத்தார். அவன் ஊர் எது, சாதி எது என்று கடைசிவரை பிடிபடாது. பசிக்கும்போது சிரிக்கும் அந்தக் கண்கள் மட்டும் போதுமாக இருந்தன.

ராஜபாளையம் இருக்கும் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பெரிய கொள்ளை வழக்குகளும் கொலை வழக்குகளும் அங்கே வந்து சேர்கின்றன. வாய்தாவுக்கு வந்து மரத்தடியில் குந்தியிருக்கும் குடும்பங்களைப் பார்த்தால், ஒரு கொள்ளை எத்தனை ஆண்டுகள் நீளும் என்பது புரியும். 2025 நவம்பரில் ராஜபாளையத்தை அடுத்த தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலில் உண்டியலைக் குறிவைத்து வந்தவர்கள் இரவுக் காவலர் இருவரைக் கொன்றார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு, திரையில் கொள்ளையன் காவலாளியின் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டிச் சாய்த்துவிட்டுப் போகும் காட்சியை என்னால் முன்போலப் பார்க்க முடிவதில்லை. சாய்ந்தவர் யார், அவர் வீட்டில் விடியற்காலையில் யார் கதவைத் திறப்பார் என்று மனம் கேட்கிறது. நாய்களைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் ராஜபாளையம் நாய் காவலுக்குப் பேர்போனது; 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. நம் கொள்ளைப் படங்களில் சுவரேறிக் குதிக்கும் வீடுகளில் நாயே இருப்பதில்லை. இருந்தால் திரைக்கதை எழுதுவது கடினமாகிவிடும். அந்தக் கடினத்தை ஏற்றுக்கொள்ளும் படம்தான் எனக்கு வேண்டும்.

அப்படி ஒரு படத்துக்கான கதை நம் ரயில் பாதையில் நடந்தேயிருக்கிறது. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய் அளவுக்கு மரப்பெட்டிகளில் இருந்தன. காவலுக்குப் போலீசார் அதே ரயிலில் போனார்கள். சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே அப்போது மின்கம்பி இல்லை, டீசல் இன்ஜின். மேலே கம்பி இல்லாததால்தான் ஓடும் ரயிலின் கூரையில் ஆட்கள் உட்கார முடிந்தது. விருதுநகருக்கு இந்தப் பக்கம் பொதிகை எக்ஸ்பிரஸில் படுத்துப் போனவர்களுக்கு டீசல் இன்ஜினின் அந்த அதிர்வும், வளைவில் பெட்டி முனகுவதும் தெரியும். அந்த முனகலுக்குள் கூரைத் தகட்டை அறுக்கும் ஓசை கரைந்துபோயிருக்கிறது. போனது 5.78 கோடி. துப்பு கிடைக்காமல், அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்கள்வரை தேடிய சி.பி.சி.ஐ.டி. போலீசார், இரண்டாண்டுகள் கழித்து மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பலைக் கைது செய்தார்கள். இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. திருட்டு நடந்து சரியாக மூன்று மாதம், நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு தொலைக்காட்சியில் வந்தது. எந்தக் குடிசையில், எந்தத் திண்ணையில் அதை அவர்கள் கேட்டிருப்பார்கள்? செலவாகாமல் மிச்சம் இருந்ததைப் பார்த்த அந்த முகத்தை நடிக்க ஒருவர் வேண்டும். வசனம் தேவையில்லை.

ஆனால் நான் படம் எடுப்பவனாக இருந்தால் முதலில் எழுதும் காட்சி எழும்பூரில் நடக்கும். ரயில் வந்து நின்றுவிட்டது. இரவெல்லாம் காவலுக்கு வந்தவர்கள் முகம் கழுவி, தேநீர் குடித்து, பொறுப்பை ஒப்படைக்க வருகிறார்கள். முத்திரை உடையாமல் இருக்கிறது. கதவைத் திறக்கிறார்கள். இருட்டாக இருக்கவேண்டிய பெட்டிக்குள், கூரையிலிருந்து ஒரு சதுர வெளிச்சம் மரப்பெட்டிகளின் மேல் விழுந்துகிடக்கிறது. கேமரா மேலே போகக் கூடாது. கதவருகே நிற்கும் காவலரின் முகத்திலேயே நிற்க வேண்டும்.